சைட்பாட்டம் என்ற குடும்பப் பெயர் எந்த ஊரிலிருந்து வந்தது?

வணக்கம். இங்கிலாந்துக்காக ஆர்னி சைட்பாட்டம், அவர் மகன் ரயன் இருவருமே டெஸ்ட் கிரிக்கெட் ஆடியவர்கள். 2008இல் நியூசிலாந்தின் ஹாமில்டனில் ரயன் ஹாட்ரிக் எடுத்த நாளிலிருந்தே இந்தப் பெயர்மேல் எனக்கு ஓர் ஈர்ப்பு. பழைய ஆங்கிலத்தில் 'பாட்டம்' என்றால் பள்ளத்தாக்கின் அடிநிலம். லங்காஷயர் பக்கத்து ராம்ஸ்பாட்டம் ஊர்ப்பெயரிலும் அதே சொல்தான். கிரிக்கெட் வீரர் இயன் போத்தம் பெயருக்கும் அதுவே வேர்! எவ்வளவு அழகான பெயர், இன்றைய ஆங்கிலத்தில் 'பாட்டம்' பிட்டத்தையும் குறிப்பதால் கேலி செய்கிறார்களே என்று வருத்தமாக இருக்கிறது.

சரி, மான்செஸ்டர், செஷயர் பக்கம் வசிப்பவர்களே, இந்தப் பெயர்க்காரர்களை அங்கே இப்போதும் பார்க்கிறீர்களா? 'சைட்போதம்' என்றும் எழுதுவார்கள். அப்புறம், பிரிட்டனின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர்வாரியாகத் தேடத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள், ப்ளீஸ்.