அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவின் பேச்சும் நினைவும் குறைந்துவிட்டன: இது மனச்சோர்வா, மறதிநோயா?

தேன்மொழி:

என் அப்பாவுக்கு வயது 74. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் ஏழு வாரங்களுக்கு முன் முழு மயக்கம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டாம் நாள் இரவு கையிலிருந்த ஊசிக் குழாயைப் பிடுங்க முயன்றார். சுவரோரம் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். மூன்று நாளில் அது தெளிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு யாருடனும் அதிகம் பேசுவதில்லை, விடியற்காலை நான்கு மணிக்கே விழித்துக்கொள்கிறார், நாளிதழை எடுத்து ஒரு பத்தியோடு வைத்துவிடுகிறார். எதைக் கேட்டாலும் "தெரியவில்லை அம்மா" என்பதே பதில். உங்களுக்கெல்லாம் பாரமாகிவிட்டேன் என்றும் இருமுறை சொன்னார். மயக்க மருந்துதான் மூளையைப் பாதித்தது, முதுகில் ஊசி போட்டுச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அண்ணன் வருந்துகிறார். இது தானாகச் சரியாகுமா, அல்லது மறதிநோயின் தொடக்கமா?

மயக்கவியல் மருத்துவர்:

உங்கள் அண்ணனின் வருத்தத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பல குடும்பங்கள் இந்தக் குற்ற உணர்வைத் தேவையில்லாமல் சுமக்கின்றன. இடுப்பெலும்பு முறிந்தவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முழு மயக்கமும் மற்றதற்கு முதுகுத்தண்டு ஊசி போன்ற பகுதி மயக்கமும் கொடுத்து ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் 2021, 2022 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. முதலாவதில் 1,600 பேரும் இரண்டாவதில் 950 பேரும் இருந்தனர். அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் மனக்குழப்பம் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. மயக்க முறையைவிட, உடல் வெட்டுக்காயத்துக்குக் காட்டும் அழற்சி எதிர்வினை, வலி, தூக்கமின்மை, தொற்று, நோயாளியின் வயது ஆகியவையே அதிகம் பேசப்படும் காரணங்கள்.

இரண்டாம் நாள் இரவு நீங்கள் கண்டது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். இப்போது காண்பது அதிலிருந்து வேறு. 1998-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், இதயம் சாராத பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 60 வயதைக் கடந்த 1,218 பேரைச் சோதித்தபோது, ஒரு வாரத்தில் 25.8 விழுக்காட்டினருக்கும் மூன்று மாதத்தில் 9.9 விழுக்காட்டினருக்கும் நினைவிலும் கவனத்திலும் குறைவு காணப்பட்டது. அதாவது பெரும்பாலோர் மீள்கிறார்கள். ஆனால் எல்லோரும் அல்ல. ஏழாம் வாரத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றி முடிவாகச் சொல்வது அவசரம்.

அம்மாவைக் கவனித்துக்கொள்பவர்:

மருத்துவம் படித்தவளல்ல, அனுபவத்தைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கும் இதே நிலை வந்தது. மறுபரிசோதனைக்குப் போனபோது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்றேன். சிறுநீர் அடங்காமைக்கான மாத்திரை ஒன்றும், அரிப்புக்குக் கொடுத்து நிறுத்த மறந்த மாத்திரை ஒன்றும் முதியவர்களின் நினைவை மந்தமாக்கக்கூடியவை என்று மருத்துவர் நிறுத்தினார். இன்னொன்றைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது: காது கேட்கும் கருவியின் மின்கலம் தீர்ந்துபோனதை நாங்கள் யாரும் பல நாட்கள் கவனிக்கவில்லை. பாதி "தெரியவில்லை" என்பது உண்மையில் "கேட்கவில்லை" என்பதாக இருந்தது.

முதியோர் மனநல மருத்துவர்:

மேலே சொன்ன பை யோசனை மிக நல்லது. ஆனால் தூக்க மாத்திரை இருந்தால் அதை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். சில வகைகளை நிறுத்தினால் குழப்பமும் வலிப்பும் வரலாம்.

நீங்கள் எழுதியவற்றில் விடியற்கால விழிப்பு, ஆர்வமின்மை, பாரமாகிவிட்டேன் என்ற சொல் ஆகிய மூன்றும் என்னை மனச்சோர்வின் பக்கம் திருப்புகின்றன. மனச்சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் முயலாமலேயே "தெரியவில்லை" என்பார், தம் மறதியைப் பற்றித் தாமே புலம்புவார். மறதிநோய் உள்ளவரோ பதிலை முயன்று தவறுவார், அல்லது மழுப்பி மறைப்பார். இது முழுமையான அளவுகோல் அன்று, ஏனெனில் முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதிநோயின் முன்னோட்டமாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

வாழ விருப்பமில்லையா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று அப்பாவிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இல்லையென்றாலும் இந்த வாரமே காட்டுவது நல்லது. ரத்தத்தில் சோடியம், ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு மாத்திரை தொடங்கினால், அவற்றுள் சில முதியவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டும் என்பதால், எல்லா மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். முழுமையான நினைவுச் சோதனையை மனநிலை தேறிய பிறகு செய்வதே பயன் தரும். சோர்ந்த மனத்தோடு எழுதும் தேர்வில் யாருக்குத்தான் மதிப்பெண் வரும்?

தேன்மொழி:

மூவருக்கும் நன்றி. இன்று மெதுவாகக் கேட்டேன். சாக வேண்டும் என்று தோன்றவில்லை, எழுந்திருக்கத்தான் மனமில்லை என்றார். நாளை மறுநாளுக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். ஒன்றை முதலில் எழுத மறந்தேன், அல்லது எழுத விரும்பவில்லை: விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வங்கிக் கணக்கைக் கூட்டும்போது அவர் தடுமாறியதை அம்மா கவனித்திருக்கிறார். இதையும் சொல்ல வேண்டுமா?

முதியோர் மனநல மருத்துவர்:

கட்டாயம் சொல்லுங்கள், எந்த மாதத்தில் எதைத் தவறவிட்டார் என்று அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நிலை தெரியாமல் பிந்தைய நிலையை நாங்கள் எடைபோட முடியாது.