புதுப்பிப்பு: கிழட்டுக் குதிரைகள் இரண்டும் இங்கேதான்

நிலாவெளிக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றித் திரிந்த என் குதிரைகள் இரண்டும் 20 வயதைத் தாண்டிவிட்டன, கையில் காசில்லை, வைத்திருப்பதா கொடுப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

மிருக வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெட்டை மெலிந்ததற்கு வயது மட்டும் காரணமில்லையாம்; கடைவாய்ப் பற்களின் ஓரம் கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருக்கிறது. பாவம், அதனால்தான் புல்லை மென்று மென்று துப்பியிருக்கிறது. அரத்தால் ராவிவிட்டார். இப்போது தவிட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் கொடுக்கிறேன், வாளியையே நக்குகிறது.

ஆண்குதிரைக்கு முன்கால் மூட்டு வீக்கம். இனிச் சவாரி இல்லை. வாங்க வந்தவர் வண்டியில் பூட்டப்போவதாகச் சொன்னார். சரி, போய் வாருங்கள் அண்ணை என்று அனுப்பிவிட்டேன்.

செலவுக்கு மோட்டார் சைக்கிளை விற்றாயிற்று. மனைவி இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மாரிக்கு முன் கொட்டிலுக்குக் கிடுகு வேய வேண்டும்.