காசு கட்டி லைனைத் தாண்டிப் போன அனுபவம், அல்லது தாண்டிப் போனவர்களைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம்: சொல்லுங்க

பாலக்கோட்டுக்காரன்

ராட்டினப் பார்க்குகளில் கூடுதல் காசு கட்டி வாங்குகிற ஃபாஸ்ட் டிராக் பாஸ், அதாவது லைனில் நிற்காமல் தனிப் பாதையில் போகிற வசதி, இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் பெங்களூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பார்க்கில் கம்பித் தடுப்புக்குள் நின்றவர்கள்தான். கோடை லீவில் எங்கள் குடும்பமும் தங்கச்சி குடும்பமும் ஒரே வேன் பிடித்துப் போனோம். டீசல், டோல், டிரைவர் பேட்டா, ஓசூரில் சாப்பிட்ட இட்லி வரைக்கும் சரிபாதி. டிக்கெட் கவுண்டரில் மட்டும் மாப்பிள்ளை "நீங்க முன்னாடி போங்க மச்சான், நான் கார்டு போட்டுட்டு வரேன்" என்று எங்களை அனுப்பிவிட்டார்.

தலைகீழாகச் சுற்றுமே அந்தப் பெரிய ரைடு, அதற்கு முக்கால் மணி நேரமாக நிற்கிறோம். மேலே தகரக் கூரை. ஒரே ஒரு ஃபேன், அதுவும் எங்கள் பக்கம் திரும்பாது. பக்கத்துப் பாதை காலியாகக் கிடந்தது. அந்தக் காலிப் பாதையில் மாப்பிள்ளை, தங்கச்சி, பையன் மூன்று பேரும் வருகிறார்கள், மூன்று பேர் கையிலும் பாஸ் வாங்கினவர்களுக்குக் கட்டிவிடுகிற ஆரஞ்சு கலர் பேண்டு. தங்கச்சி என்னைப் பார்த்ததும் துப்பட்டாவை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். அதுதான் எனக்கு இன்னும் போகவில்லை. காசு கட்டியதில் எனக்கு ஒன்றும் இல்லை, அவர் சம்பாத்தியம் அவர் செலவழிக்கிறார். மூடினாள் பாருங்கள், அது. பையனுக்கு அதெல்லாம் தெரியாது, "மாமா, எங்களுக்கு இது அஞ்சாவது ரைடு" என்று கத்திக்கொண்டே ஓடினான். எங்களுக்கு அது இரண்டாவது.

திரும்பி வரும்போது வேனில் யாரும் ரைடு பேச்சே எடுக்கவில்லை. தக்காளி விலை பேசினோம்.

பழையபேட்டை

நான் அந்த பேண்டு கட்டின ஆள். திட்டுவதென்றால் திட்டுங்கள். அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி, பிள்ளைகளுக்குப் பொறுமை கிடையாது, எனக்கு லீவு கிடைப்பதே அபூர்வம், அதனால் வாங்கினேன். டிக்கெட் விலைக்கு மேல் கிட்டத்தட்ட இன்னொரு டிக்கெட் விலை ஆனது, அதற்கும் நான் வருத்தப்படவில்லை.

நெஞ்சில் நிற்பது வேறு. எங்கள் பாதையும் சாதா லைனும் சேருகிற இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம், காலேஜ் பையன்கள் மாதிரி இருந்தார்கள். என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, "துட்டு இருந்தா மாமனாரையும் வாங்கிக்கலாம்டா" என்கிறான் ஒருத்தன், இன்னொருத்தன் என் தொப்பையைப் பற்றி ஒன்று சொன்னான், அதை இங்கே எழுத முடியாது. சுத்தமான நம்ம ஊர்ப் பேச்சு. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் கன்னடம் பேசியதால் என்னையும் கன்னடக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். நானும் தமிழ் தெரியாதவன் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து அப்பா, "ஏண்டா, இந்தப் பசங்க நம்ம காவேரிப்பட்டணம் பக்கமாட்டம் இருக்கே, கேளு" என்று சத்தமாகக் கேட்டார். அவ்வளவுதான், அந்தப் பக்கம் கப்சிப். மீதி நேரம் நானும் பார்க்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை.

முன்னாள் ஆபரேட்டர்

டிப்ளமோ முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்கும் வரை ஒரு பார்க்கில் ரைடு வாசலில் நின்றவன் நான். பேர் வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் சொல்கிற அந்த இரண்டு லைன் சேருகிற இடம்தான் என் இடம். அங்கே நிற்பவனுக்கு இரண்டு பக்கமும் திட்டு.

ஒரு கணக்கு சொல்கிறேன், அப்போதுதான் புரியும். ஒரு ரைடில் 20 சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி, பெல்ட் பார்த்து, லாக் இழுத்துப் பார்த்து, ஓட்டி, இறக்க 4 நிமிடம். மணிக்கு 15 ரவுண்டு, 300 பேர். எவ்வளவு காசு வாங்கினாலும் அந்த 300 அதிகமாகாது, மெஷின் அதே மெஷின்தான். சாதா லைனில் 400 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு ஒரு மணி 20 நிமிடம் ஆகும். அந்த 300 சீட்டில் 100 சீட்டை பாஸ் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தால் அதே ஆளுக்கு 2 மணி நேரம். அந்த 40 நிமிடத்தைத்தான் கவுண்டரில் விற்கிறார்கள். மழையில் ரைடு நின்று மறுபடி ஆரம்பித்தால் நிலைமை இன்னும் மோசம். நாங்கள் பாஸ் பக்கத்தை முதலில் காலி செய்ய வேண்டும், அதுவரை சாதா லைன் நகரவே நகராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு லைனில் மேலே வரை வந்துவிட்டார். அதற்குள் பாஸ் ஆட்கள் ஒரு பெரிய கூட்டம், நான் சங்கிலியை மாட்டிவிட்டேன். அவர் கம்பி இடுக்கில் கையை விட்டு என் கையில் எதையோ அழுத்தினார். நாலாக மடித்த பத்து ரூபாய். "பேத்தியை மட்டும் விடு சாமி, நான் நின்னு வரேன்" என்றார். அந்தப் பெரியவர் என்ன நினைத்திருப்பார் என்றால், அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஏதோ கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள் என்று. திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்கிறார். இதில் பெரிய கொடுமை, அந்தப் பாப்பா உயரம் பத்தாது. உயரம் பார்க்கிற கம்பம் மேலே என் பக்கத்தில் இருக்கிறது, கீழே லைன் ஆரம்பிக்கிற இடத்தில் வெறும் போர்டுதான், அதுவும் இங்கிலீஷிலும் கன்னடத்திலும். ஒரு மணி நேரம் நின்றவரிடம் நான் அதைச் சொல்ல வேண்டும். சொன்னேன். அந்தப் பத்து ரூபாயைப் பாப்பா பாக்கெட்டில் வைத்துவிட்டேன்.

அரூர்வாசி

எல்லோரும் ரொம்ப உருகுகிறீர்கள். திருமலையில் 300 ரூபாய் கட்டி சிறப்பு நுழைவு தரிசனம் போகிறோமா இல்லையா? சர்வ தரிசனத்தில் நிற்கிறவர்கள் மனிதர்கள் இல்லையா? சாமி முன்னாலேயே அந்த வேலி இருக்கும்போது ராட்டினத்தில் இருந்தால் என்ன? நான் இரண்டுக்கும் கட்டியிருக்கிறேன், இனியும் கட்டுவேன்.

பாலக்கோட்டு நண்பருக்கு ஒன்று. தங்கச்சி கையை மூடினாள், மூடினாள் என்கிறீர்களே, அவள் மூடுகிற அளவுக்கு உங்கள் முகம் எப்படி இருந்திருக்கும்? சிரித்துக்கொண்டு கை காட்டியிருந்தால் அவளும் காட்டியிருப்பாள்.

பாலக்கோட்டுக்காரன்

என் முகத்தைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்தீர்களா சார்? முக்கால் மணி நேரம் நின்றவன் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கவுண்டரில் கேட்டிருந்தால் வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். கோயிலை ஏன் இதில் இழுக்கிறீர்கள் என்றும் தெரியவில்லை. ஒரே வேனில் திருப்பதி போனாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

காவேரிப்பட்டணம் டூ டாலஸ்

அம்மாவை ஆர்லாண்டோ டிஸ்னிக்கு 2022ல் கூட்டிப்போனேன். முன்பு அங்கே ஃபாஸ்ட் பாஸ் என்று ஒன்று இருந்தது, 1999ல் கொண்டுவந்தார்கள், இலவசம். மெஷினில் டிக்கெட்டை விட்டால் இத்தனை மணிக்குத் திரும்பி வா என்று ஒரு சீட்டு வரும், அதுவரை வேறு எங்காவது சுற்றலாம். 2021ல் அதை எடுத்துவிட்டு ஜீனி பிளஸ் என்று காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள், ஆரம்ப விலை ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். 2024ல் பெயரை மறுபடி மாற்றிவிட்டார்கள். சரி, கதைக்கு வருகிறேன்.

அப்போது காசு கட்டினால் மட்டும் போதாது, காலையில் சரியாக 7 மணிக்கு போனில் முதல் ரைடை புக் செய்ய வேண்டியிருந்தது. 6:59க்கு நான் ஒரு போன், மனைவி ஒரு போன், கட்டிலில் உட்கார்ந்து திரையையே பார்க்கிறோம். அம்மா காப்பி டம்ளரோடு வந்து நின்று, "ஏன் இப்படி மூச்சு விடாம உக்காந்திருக்கீங்க, தட்கலா?" என்றார். தட்கல்தான் அம்மா. அன்றைக்கு நாள் முழுக்க அடுத்த ரைடு, அடுத்த ரைடு என்று போனைப் பார்த்தே நடந்தேன். அம்மாவுக்குப் பிடித்தது படகில் மெதுவாகப் போகிற ஒரு ரைடு, அதற்கு லைனே இல்லை.

பென்னாகரத்தான்

பெங்களூர், அமெரிக்கா எல்லாம் இருக்கட்டும், ஒகேனக்கல் பரிசலை விட்டுவிட்டீர்களே. ஆடிப்பெருக்கு சமயம் பெங்களூர் நண்பர்களைக் கூட்டிப்போனேன். தண்ணீர் கூடிவிட்டால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்கு விட்டார்கள், அதனால் கூட்டம் சொல்ல வேண்டாம். வரிசையில் நிற்கும்போது ஒரு ஆள் வந்து, கூடக் கொஞ்சம் கொடுத்தால் உடனே ஏற்றிவிடுகிறேன் என்றார். நண்பர்கள் நான் வாயைத் திறப்பதற்குள் கொடுத்துவிட்டார்கள்.

ஏறினோம், லைஃப் ஜாக்கெட் போட்டோம், பாறைகளுக்கு நடுவில் ஒரு சுற்று சுற்றினார். நடுவில் ஒரு இடத்தில் எங்களை இறக்கி, பரிசலைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார் பரிசல்காரர், முகம் தெரியாது, உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது. அப்போதுதான் அந்தக் கூடுதல் காசில் உங்களுக்கு எவ்வளவு அண்ணா என்று கேட்டேன். "எந்தக் காசு?" என்றது பரிசல். விளக்கிச் சொன்னேன். "அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார். இறங்கும்போது நண்பர்கள் தனியாக ஏதோ கொடுத்தார்கள், எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.

ஓசூர் ரவுண்ட்ஸ்

எனக்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. பாஸ் வாங்கினேன், வாங்கிய அன்றைக்குப் பார்க்கே காலியாக இருந்தது, சாதா லைனில் போனவர்கள் எனக்கு முன்னால் ஏறினார்கள். அதனால் போகப்போகிறவர்களுக்குச் சிலது சொல்கிறேன்.

முதலில் நாள். நம் ஊர் லீவை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள், கர்நாடகா லீவையும் பாருங்கள். தசரா லீவும் நம் காலாண்டு லீவும் ஒட்டி வரும், அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது. கர்நாடகப் பள்ளிகள் மே கடைசியிலேயே திறந்துவிடும், நம் பள்ளிகள் ஜூனில்தான் திறக்கும், சில வருடம் நடுவில் ஒரு வாரம்கூடக் கிடைக்கும். அதில் செவ்வாய், புதன் பார்த்துப் போனால் பாஸே தேவையில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால்தான் பெங்களூர் டிராஃபிக்குக்கு முன்னால் ஊரைத் தாண்ட முடியும், எலக்ட்ரானிக் சிட்டியில் மாட்டினால் பாஸ் காசைவிடப் பெரிய நஷ்டம். உள்ளே போனதும் எல்லோரும் வாசலுக்குப் பக்கத்து ரைடில் விழுவார்கள், நீங்கள் நேராகக் கடைசிக்குப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் பெரிய ரைடுகளில் கூட்டம் குறையும், அப்போது ஏறிவிட்டு மூன்று மணிக்குச் சாப்பிடுங்கள், வயிறு காலியாக இருப்பதும் நல்லது, ஏன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் ரைடுக்கு நைலான் துணி கேட்பார்கள், வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். பாஸ் வாங்கியே தீருவேன் என்றால் கவுண்டரில் மூன்று கேள்வி கேளுங்கள்: நுழைவுக் கட்டணம் இதில் சேர்த்தியா, ஒரு ரைடுக்கு ஒரு தடவையா எத்தனை தடவையும் போகலாமா, தண்ணீர் ரைடுக்கும் செல்லுமா. பிள்ளைகளுக்கு வாங்குவதற்கு முன்னால் வீட்டுச் சுவரில் நிற்க வைத்து உயரத்தை அளந்துகொள்ளுங்கள், பெரிய ரைடு பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் கேட்பார்கள். மழை வந்து ரைடு நின்றால் காசு திரும்ப வரும் என்று நம்பாதீர்கள். அப்புறம் ஃபாஸ்டேக் பேலன்ஸ்.

முன்னாள் ஆபரேட்டர்

மூன்று மணிக்குச் சாப்பிடப் போகச் சொல்லாதீர்கள், அந்த நேரத்தில் கேன்டீனில் நல்லதெல்லாம் தீர்ந்து போயிருக்கும். கடைசி ரைடுக்கு முதலில் போகும் யோசனையும் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஊத்தங்கரை டீச்சர்

ஸ்கூல் டூர் அனுபவம். நாற்பது பிள்ளைகளுக்கும் ஸ்கூல் ரேட்டில் டிக்கெட். இரண்டு பேர் வீட்டிலிருந்து மட்டும் தனியாகக் காசு அனுப்பி, பாஸ் வாங்கிக் கொடுங்கள் மேடம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன், மேலே சொல்லி வாங்க வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் மதியத்துக்குள் எல்லா ரைடும் முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மேம், போர் அடிக்குது" என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம், பதறிப்போய்த் தேடினால் சாதா லைனின் கடைசியில் மற்ற பிள்ளைகளோடு நின்று, எந்த இடத்தில் எப்படிக் கத்த வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அரூர்வாசி சொல்வதற்கு: கோயிலில் பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாது. இங்கே ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளைகள். அடுத்த டூருக்கு முன்னால் பெற்றோர் கூட்டத்தில் இதை எழுதியே வாங்கப்போகிறேன்.

அரூர்வாசி

டீச்சர் சொல்வது ஸ்கூலுக்குச் சரி. ஆனால் நாளைக்கு அந்தப் பிள்ளைகளே வேலைக்குப் போய்ப் பாஸ் வாங்கத்தான் போகிறார்கள்.

மாங்கூழ்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜூன் முதல் வாரம் பர்கூரிலிருந்து போகிறோம், ஃபேக்டரி ஆட்களும் குடும்பமும். சீசன் நேரம் என்பதால் ஒரு நாள்தான் லீவு, அதுவும் ஞாயிறு. பாஸ் வாங்கலாமா வேண்டாமா?

ஓசூர் ரவுண்ட்ஸ்

ஞாயிறு என்றால் நான் மேலே எழுதியது எதுவும் செல்லாது.

பாலக்கோட்டுக்காரன்

வாங்கினால் எல்லோருக்கும் வாங்குங்கள், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். கவுண்டருக்கு எல்லோரும் சேர்ந்தே போங்கள்.