‘மௌனம் = மரணம்’ சுவரொட்டியும் கிரைஸின் விதியும்

மொழிப்பித்தன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியது இன்னும் உறுத்துகிறது. 1987-இல் நியூயார்க் சுவர்களில் ஒட்டிய ‘மௌனம் = மரணம்’ எய்ட்ஸ் சுவரொட்டி, மொழித் தத்துவவாதி பால் கிரைஸின் ஒத்துழைப்புக் கொள்கைப்படி (பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துழைத்து அளவு, உண்மை, பொருத்தம், தெளிவு என்ற நான்கு விதிகளின்படி பேசுகிறார்கள் என்பது) தோற்றுப்போன உரையாடலாம்; இரண்டே சொல், தகவலே இல்லையாம். அடியில் பொடி எழுத்து இருக்கிறதே, பார்த்தீர்களா? “எய்ட்ஸ் பற்றி ரீகன் ஏன் மௌனமாக இருக்கிறார்?” என்று, அன்றைய அமெரிக்க அதிபரைக் குறிவைத்துத்தான் தொடங்குகிறது.

தருக்கதாசன்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கறுப்புப் பின்னணி, இளஞ்சிவப்பு முக்கோணம், கொட்டை எழுத்தில் இரண்டு சொல். தெருவில் போகிறவன் பார்ப்பது அவ்வளவுதான். தேவையான அளவு சொல் என்பது கிரைஸின் அளவு விதி. பொடி எழுத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடியோடு வருவானா?

மொழிப்பித்தன்: கிட்டே வருவான். அதற்குத்தான் பொடி எழுத்து! எல்லோருக்கும் தெரியும்படி வேண்டுமென்றே ஒரு விதியை மீறினால், கேட்பவன் மறைபொருளைத் தேடுவான் என்று அதே கிரைஸ்தான் சொல்கிறார். 1975-இல் அச்சான கட்டுரை. நீங்கள் நான்கு விதிகளோடு மூடி வைத்துவிட்டீர்கள் போல.

நிழல்குடை: நாஜி முகாம்களில் ஒருபாலீர்ப்பு ஆண்களின் சட்டையில் தைத்த முக்கோணத்தின் நுனி கீழ்நோக்கி இருக்கும். சுவரொட்டியில் மேல்நோக்கி. அதுவும் பேச்சுதானே? யாரும் கண்டுகொள்ளவில்லையே.

தருக்கதாசன்: முக்கோணத்துக்குத் தனி விவாத இழை தொடங்குங்கள். ரீகன் மௌனமாக இருந்தார் என்பதே பொய். 1985 செப்டம்பரில் பத்திரிகையாளர்களிடம் எய்ட்ஸ் பற்றிப் பேசியிருக்கிறார். ஆக, பொய் சொல்லாதே என்ற உண்மை விதியும் போச்சு.

மொழிப்பித்தன்: கேள்வி கேட்டதால் வாய் திறந்தார். எய்ட்ஸ் பற்றி அவருடைய முதல் பெரிய உரை 1987 மே 31-இல்தான். அதற்குள் அமெரிக்காவில் 20,000 பேருக்கு மேல் செத்துப்போயிருந்தார்கள். அது இருக்கட்டும். யாராலும் படிக்க முடியாத பொடி எழுத்துக்கு வரிக்கு வரி மறுப்பு எழுதுகிறீர்களே, பூதக்கண்ணாடி எங்கே கிடைத்தது?

தருக்கதாசன்: திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரைப் பெரிதாக்க முடியாது. அப்புறம், அதில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பெயரே தப்பு. ‘ஃபெடரல் மருந்து நிர்வாகம்’ என்று போட்டிருக்கிறார்கள். இதற்கு நீங்கள் வக்காலத்து!

பழையகணக்கு: அமெரிக்க இலக்கியக் கோட்பாட்டாளர் கென்னத் பர்க் பற்றிய விவாதத்திலும் தருக்கதாசன் இதே கதைதான். வரவேற்பறையில் முடிவில்லாமல் நடக்கும் பேச்சு, தாமதமாக வந்தவன் கொஞ்சம் கேட்டுவிட்டுக் கலந்துகொள்கிறான் என்பார் பர்க். கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வான் என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

தருக்கதாசன்: அந்த இழையில் நீங்கள் என்னை ‘அரைகுறை’ என்றீர்கள். அதற்கு இன்றுவரை வருத்தம் தெரிவித்தீர்களா?

பழையகணக்கு: எதற்குத் தெரிவிக்க வேண்டும்?

மொழிப்பித்தன்: அவர் நழுவப் பார்க்கிறார், விடாதீர்கள். “கோபத்தை, அச்சத்தை, துயரத்தைச் செயலாக்குங்கள்” என்று முடிகிறது பொடி எழுத்து. யார் மௌனம், யாருக்கு மரணம், அடுத்து என்ன செய்வது, எல்லாம் அங்கேதான். மேலே இருக்கும் இரண்டு சொல் ஆளைப் பிடித்து நிறுத்துவதற்கு.

தருக்கதாசன்: அந்தப் பொடி எழுத்தின் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் சொல்லுங்கள், சார். மற்றதை அப்புறம் பேசலாம்.