பொறி வைக்கப் பிள்ளைக்குக் கற்றுத்தருவது: 120 விநாடி கண்ணிமைக்கும் நேரமா?

மருதன்:
நேற்று இன்னொரு இழையில் வைட்ஹார்ஸ் மணி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கனடாவின் வடமேற்கில் உள்ள யூக்கானில், மார்ட்டன் என்ற கீரி போன்ற சிறு மிருகம் முதலான உரோம மிருகங்களுக்குக் குடும்பத்தோடு பொறி வைக்கக் கற்றுக்கொள்கிறாராம். "மார்ட்டன் பொறிக்குள் தலையை விட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் உயிர் போய்விடும், என் மகள் பார்ப்பதில் தப்பில்லை" என்று ஒரு வரி வேறு. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 1997இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மார்ட்டன் 120 விநாடிக்குள் நினைவிழந்தால் அந்தப் பொறி தேறிவிடும். ஆற்றில் அணை கட்டும் பீவருக்கு 300 விநாடி. அதுவும் சோதித்த மிருகங்களில் 80 சதவீதம் அப்படி நினைவிழந்தால் போதும். இரண்டு நிமிடம் கண்ணிமைக்கும் நேரமா?

வைட்ஹார்ஸ் மணி:
120 விநாடி என்பது எல்லை. அதைத் தாண்டினால் பொறி தேறாது, அவ்வளவுதான். ஒவ்வொரு மார்ட்டனும் இரண்டு நிமிடம் துடிக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறதா? நாங்கள் வைப்பது 120ஆம் எண் கோனிபேர் பொறி, உடலை நெரித்துக் கொல்லும் வகை. ஒரு கம்பத்தை மரத்தில் சாய்த்து, பனிக்கு மேலே எட்டத்தில் பொறியைக் கட்டி, அதற்குப் பின்னால் இரையை வைப்போம். மார்ட்டன் கம்பத்தில் ஏறி வரும். அடி கழுத்திலும் மார்பிலும் விழும். உடல் தொங்கிவிடுவதால் எலி உரோமத்தைக் கடிக்காது, பனியும் மூடாது. அந்தப் பொறியை 1950களில் உருவாக்கிய ஃபிராங்க் கோனிபேரும் பொறி வைத்துப் பிழைத்தவர்தான். கால்பிடிப் பொறியில் மிருகங்கள் படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல்தான் அதைச் செய்தார். இது எதுவும் தெரியாமல் எண்ணை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள்.

தென்றல்வாசி:
120 பொறியின் எண் என்கிறார் மணி. விநாடி என்கிறார் மருதன். யார் சொல்வது சரி?

மருதன்:
இரண்டும் 120தான், அது தற்செயல். நான் பேசுவது விநாடியை. மணி அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

இளவேனில்:
மணி அண்ணா, மார்ட்டனை விடுங்கள். லிங்க்ஸ் காட்டுப்பூனையைக் கால்பிடிப் பொறியிலும் பிடிக்கிறார்களே? ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் அது பனியில் உயிரோடு கிடக்குமே. அதையும் மகளுக்குக் காட்டுவீர்களா?

வைட்ஹார்ஸ் மணி:
லிங்க்ஸுக்குக் கம்பிக் கண்ணியும் உண்டு தங்கச்சி. யூக்கானில் நினைத்தவரெல்லாம் நினைத்த இடத்தில் பொறி வைக்க முடியாது. பயிற்சி வகுப்பு முடித்தால்தான் உரிமம். பொறி வைக்கும் காட்டுப்பகுதியான ஒவ்வொரு பொறித்தடமும் ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கும். நாங்கள் அப்படி ஒரு பெரியவரிடம் உதவியாளர்களாகத்தான் சேர்ந்திருக்கிறோம். பனிமுயல் குறைந்தால் லிங்க்ஸும் குறையும், ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒரு சுற்று. அந்த இறக்கத்தில் லிங்க்ஸைத் தொடாதே என்பதுதான் அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம். என் மகள் மார்ட்டன் தோலைப் பின்னங்காலிலிருந்து தொடங்கி, காலுறையைக் கழற்றுவதுபோல முழுசாக உரித்துப் பலகையில் ஏற்றுகிறாள். பீவர் என்றால் வயிற்றில் கீறி வட்டமாக விரிக்க வேண்டும், இறைச்சியும் வீட்டுக்கு வரும். மரியாதையோடு செய்யும் வேலை இது. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு தோல் செருப்பு போட்டிருப்பவர்களுக்கு அது புரியாது.

மருதன்:
என் செருப்பு ரெக்சின். இளவேனில் கேட்டது கால்பிடிப் பொறியைப் பற்றி. அதற்குப் பதில் எங்கே? 120 விநாடிக்குப் பதில் எங்கே?

நந்திவர்மன்:
மருதனுக்கு இதே வேலைதான். போன வருஷம் சீல் வேட்டை இழையிலும் இப்படித்தான் ஒரே எண்ணை வைத்துக்கொண்டு நின்றார். 1983இல் ஐரோப்பா சீல் குட்டித் தோலைத் தடை செய்தது. வடதுருவப் பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்களுக்கு விலக்கு உண்டு என்றார்கள், ஆனால் சந்தையே விழுந்து அவர்கள் வருமானமும் போனது. அன்றைக்கும் இதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

மருதன்:
அன்றைக்கே சொன்னேன், நீங்கள்தான் இழையைப் பூட்ட வைத்தீர்கள். மணி இனுயிட்டா? டெனேவா? நல்ல சம்பளத்தில் வேலைக்குப் போய்க் குடியேறியவர். பழங்குடிகளின் பசியைக் கேடயமாகப் பிடிக்க அவருக்கு உரிமை கிடையாது. அப்புறம், அந்த 1997 உடன்பாடும் கருணையால் வந்ததல்ல. கால்பிடிப் பொறி வைக்கும் நாடுகளின் உரோமத்தை வாங்கமாட்டோம் என்று 1991இல் ஐரோப்பா சட்டம் போட்டது. வியாபாரம் போய்விடும் என்ற பயத்தில்தான் கனடா பேச்சுக்கு வந்தது. அப்படிப் பேரம் பேசி வந்த எண்தான் 120.

வைட்ஹார்ஸ் மணி:
என் சம்பளத்தை இழுக்காதீர்கள். எங்களுக்குக் கற்றுத்தரும் பெரியவர் முதல்குடி மனிதர். தன் ஊர்ப் பிள்ளைகள் காட்டுக்கு வருவது குறைந்துவிட்டது என்ற வருத்தத்தில்தான் எங்களைச் சேர்த்துக்கொண்டார். அவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? கடும் குளிரில் மூச்சுக்காற்று முகத்தோரம் உறையும். வுல்வரின் என்ற காட்டு மிருகத்தின் உரோமத்தில் படிந்த உறைபனியைத் தட்டினால் உதிர்ந்துவிடும், அதனால்தான் வடக்கில் தலைமூடி விளிம்பில் அதைத் தைக்கிறார்கள். நீங்கள் சொல்லும் செயற்கை உரோமம் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, தூக்கிப் போட்டால் மக்காது.

இளவேனில்:
செயற்கை உரோமத்தைப் பற்றி இங்கே யாருமே பேசவில்லையே அண்ணா?

தென்றல்வாசி:
பேச வேண்டும். குளிர்ச்சட்டை தைக்கும் கனடா கூஸ் நிறுவனமே உரோமம் வைத்துத் தைப்பதை 2022இல் முடித்துக்கொண்டது. அவர்களுக்குக் குளிர் தெரியாதா?

நந்திவர்மன்:
அது கடையில் விற்கும் சட்டை. காட்டில் நடப்பவன் கதை வேறு.

வைட்ஹார்ஸ் மணி:
சரியாகச் சொன்னீர்கள் நந்தி. கடைக்காரன் கணக்கை வைத்து என் குடும்பத்தை எடைபோட வேண்டாம். அடுத்த வாரம் பொறித்தடத்துக்குப் போகிறோம், மகளும் வருகிறாள். படம் போடுவேன், பிடிக்காதவர்கள் பார்க்க வேண்டாம்.

மருதன்:
படம் வேண்டாம். பொறி அடித்ததிலிருந்து மார்ட்டன் அடங்கும் வரை எத்தனை விநாடி என்று எழுதுங்கள். கண்ணிமைக்கும் நேரம் என்று சொன்னது நீங்கள்.

வைட்ஹார்ஸ் மணி:
பொறி அடிக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. அதுகூடத் தெரியாமல் வாதாட வந்துவிட்டீர்கள்.

மருதன்:
பக்கத்தில் நிற்காதவருக்குக் கண்ணிமைக்கும் நேரம் என்று எப்படித் தெரிந்தது?

நந்திவர்மன்:
மறுபடி ஆரம்பித்துவிட்டார்.