மண்தானே என்று கொட்டினோம்

பழைய இடுகாடு, தாழி, கல்வட்டம் எதையாவது நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் புளியங்குடி பக்கம், மலை அடிவாரம். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா எலுமிச்சைக் கன்று வைக்க ஆள் விட்டுக் குழி வெட்டினார். மூன்றடி இறங்கியதும் கடப்பாரை ‘டொம்’ என்றது. சுற்றி மண்ணை விலக்கினால் ஒரு பெரிய தாழியின் தோள்பட்டை. வாயை மூடி ஒரு சட்டி கவிழ்ந்து கிடந்தது. குழி வெட்டியவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். சித்தப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார்.

ஆச்சி வரப்பில் நின்று கத்தினாள்: “மதமதக்கத் தாழிலே அது, தொடாதிய! அந்தக் காலத்து ஆளுகளுக்குச் சாவே வராது. சுருங்கிச் சுருங்கிப் பூனைக்குட்டி கணக்கா ஆயிருவாக. வெளக்கு மாடத்துல தூக்கி வச்சிருப்பாக. அதுக்கும் மேல முடியலன்னா சோறும் தண்ணியும் வச்சுத் தாழியில எறக்கிருவாக.” சித்தப்பா காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

தாழி முழுக்க மண் அடைத்திருந்தது. மண்வெட்டியால் வாரி வாரி ஓடையில் கொட்டினோம். நானும் இரண்டு கூடை சுமந்தேன். உள்ளே கிடைத்தவை: உள்பக்கம் கருப்பும் வெளியே சிவப்புமாக இரண்டு சின்னச் சட்டிகள், துருப்பிடித்த இரும்புக் கட்டி ஒன்று, தொட்டால் பொடியாகும் வெள்ளைத் துண்டுகள். அது எலும்பு என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கொட்டினோம். பொட்டுத் தங்கம் இல்லை. சித்தப்பா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. சட்டிகளை நாங்கள் கூட்டாஞ்சோறு விளையாட எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் உடைத்தோம்.

அதோடு மறந்தும் போனேன். 2024இல் திருமலாபுரத்தில் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பெரிய பெரிய கற்பலகைகளைச் செவ்வகமாக நிறுத்தி அறை மாதிரி கட்டி, உள்ளே தாழிகளை இறக்கி, மேலே கூழாங்கற்களைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை ஒட்டிய இடம் அது, கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அத்தனை பலகையைத் தூக்கி நிறுத்த எத்தனை ஆள் வேண்டும்! நம்மூரில் ஒரு கிணற்றுக்கு உறை இறக்கவே பாதி ஊர் கூடும்.

அங்கே ஒரு அக்கா தாழிக்குள் தலையைக் கவிழ்த்து, சின்ன பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரர்தான், நாள் கூலி. எடுத்த மண்ணைக் கொட்டவில்லை. கவரில் போட்டு, எந்தத் தாழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதி வாயைக் கட்டினார்.

“மண்ண எதுக்குக்கா கட்டுதிய?”

“மண்ணுக்குள்ளதான அண்ணாச்சி எல்லாம் இருக்கு. சிவகளையில நெல் உமி எப்படிக் கெடச்சிச்சு?”

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த அந்த உமியைச் சோதித்துத்தான் அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். உமி! எங்கள் தாழியில் என்ன இருந்ததோ, அதை மழைத்தண்ணீர் கொண்டுபோய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

*

அண்ணாச்சி, உங்கள் சித்தப்பாவை ரொம்பத் திட்டாதீர்கள். நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். பழைய தாழிக்காடான ஆதிச்சநல்லூர் பரம்பில், அந்த மேட்டில், ஆடு மேய்த்து வளர்ந்தவள். 114 ஏக்கர் செம்மண், நடக்கும்போது காலில் குத்துவது பாதி கல், பாதி பானை ஓடு. 1876இலேயே ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். அப்புறம் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்த தங்க நெற்றிப் பட்டம், வெண்கலச் சாமான் எல்லாம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின.

ரீ ஒன்று செய்தார். பானைக்குள் நெல், தினை உமி இருந்ததையும் எழுதி வைத்தார். ஆனால் உமியிடம் வயது கேட்கும் வழி அன்றைக்கு உலகத்திலேயே கிடையாது. கார்பன் சோதனை வந்ததே 1940களின் கடைசியில். சரி, வந்த பிறகாவது? 2004இல் இங்கே மறுபடி தோண்டி எடுத்த பொருள்களுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்று வயது தெரிந்தது 2019இல், அதுவும் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது. நீங்கள் ஒரே நாளில் கொட்டினீர்கள், மற்றவர்கள் பதினைந்து வருஷம் கட்டி வைத்திருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழியை இருந்த இடத்திலேயே குனிந்து பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். என் மகன் அதன்மேல் கால் வைக்க மாட்டேன் என்று அழுதான். “கீழ ஆளு இருக்காக” என்கிறான். அதைக் கேட்டபோது எனக்கு நன்றாக இருந்தது.

*

நான் வள்ளியூர்க்காரன். துலுக்கர்பட்டியில் நம்பியாற்றங்கரையில் தோண்டியபோது போயிருக்கிறேன். அங்கே ‘புலி’ என்று தமிழியில், அதாவது பழைய தமிழ் எழுத்தில், கீறிய பானை ஓடு கிடைத்தது. அது மக்கள் வாழ்ந்த மேடு, சுடுகாட்டுக் கதை இல்லை, அதனால் நீட்டவில்லை. எலுமிச்சைத் தோட்டத்து அண்ணாச்சியிடம் ஒரே கேள்வி: அந்தத் தாழி என்ன ஆச்சு? அடிப்பாகம் இருந்தால் உள்ளே ஒட்டின மண் கொஞ்சமாவது இருக்குமே?

*

அடிப்பாகம் இருக்கிறது. தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் வைத்திருந்தோம். ஒழுகியதால் இப்போது கோழி அடைகிறது. மண் இல்லை. முதல் நாளே ஆச்சி, செத்தவர்கள் இருந்த பாண்டம் என்று, வைக்கோலால் நான்கு தடவை தேய்த்துக் கழுவிவிட்டாள். தோட்டத்தில் கிழக்கு மூலையில் இரண்டு கன்றுகள் மட்டும் வேர் இறங்காமல் நிற்கின்றன. அப்பா அங்கே மறுபடி வெட்ட வேண்டும் என்கிறார். வி.ஏ.ஓ.விடம் சொல்லாமல் கடப்பாரை எடுக்கக் கூடாது என்று நேற்றுத்தான் வீட்டில் சண்டை.