முதல் நாளே ஆல்பம் வாங்கியவன்தான் ஏமாளியா?

மூன்றாவது டிராக்:

கொஞ்சம் புலம்பல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பல வருடமாக நான் விடாமல் கேட்கும் ஒரு இசைக்குழு. பேரைச் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்தக் குழு நல்லதா மட்டமா என்று போய்விடும். போன வருடம் புது ஆல்பம் போட்டார்கள். வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பே பணம் கட்டி வைத்து, முதல் நாளே சிடி வாங்கினேன். அப்புறம் அட்டைப் படத்தைப் பெரிதாகப் பார்க்கும் ஆசையில் எல்பியும், அதாவது பெரிய இசைத்தட்டும், வாங்கினேன். அது என் கொழுப்பு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது எட்டே மாதத்தில் அதே ஆல்பம் 'டீலக்ஸ்' என்று வருகிறது. அதே 11 பாட்டு, கூடவே 4 புதுப் பாட்டு, 2 டெமோ, அதாவது முன்னோட்டமாகப் பதிந்து வைத்தது. புதுப் பாட்டில் இரண்டுதான் ஸ்ட்ரீமிங்கில் வரும், மற்ற இரண்டும் டிஸ்க்கில் மட்டுமாம். தனியாக விற்கிறார்களா என்று பார்த்தால், இல்லை. ஆக, அந்த இரண்டு பாட்டுக்காக என்னிடம் ஏற்கனவே இரண்டு வடிவத்தில் இருக்கும் 11 பாட்டை மூன்றாவது தடவையாக வாங்க வேண்டும். பொறுமையாக எட்டு மாதம் சும்மா இருந்தவனுக்கு ஒரே விலையில் எல்லாம் கிடைக்கிறது, ஓடிப்போய் முதலில் வாங்கியவனுக்கு அபராதம். இது நியாயமா, இல்லை நான்தான் சின்னப்பிள்ளைத்தனமாகக் கோபப்படுகிறேனா?

ஊசிமுனை:

சின்னப்பிள்ளைத்தனம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். 11 பாட்டு என்று சொல்லி விற்றார்கள், 11 பாட்டு கொடுத்தார்கள். அன்றைக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டீர்களா இல்லையா? அந்த எட்டு மாதச் சந்தோஷத்தை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லையே. போனஸ் என்பது பெரும்பாலும் ஆல்பத்தில் சேர லாயக்கில்லை என்று அவர்களே ஒதுக்கிய சரக்கு. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

பழைய அலமாரி:

ஊசிமுனை சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ரசிகன் அப்படிக் கணக்குப் பார்ப்பவனாக இருந்தால் முதல் நாளே வாங்கியிருக்கவே மாட்டான். இந்தத் தொழில் அவனை நம்பித்தான் ஓடுகிறது.

நான் இதில் பழம் தின்று கொட்டை போட்டவன். ஒரே ஆல்பம் என் அலமாரியில் நான்கு தடவை இருக்கிறது: எல்பி, முதல் சிடி, பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்த ரீமாஸ்டர் சிடி, அப்புறம் செங்கல் கனத்தில் ஒரு பாக்ஸ் செட். அந்தப் பெட்டியில் முதல் டிஸ்க் அதே பழைய ஆல்பம்தான். வாங்கி மூன்று வருடமாகிறது, அந்த டிஸ்க்கை அதன் அட்டை உறையிலிருந்து நான் இன்னும் உருவியதே இல்லை. இரண்டாவது டிஸ்க்கின் உறை ஓரம் மட்டும் தேய்ந்து வெளுத்துப் போயிருக்கிறது. எதற்காக வாங்கினேன், எதைத் தலையில் கட்டினார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரஸ்யம்தான். எல்பியில் ஒரு பக்கம் 20 நிமிடம் சொச்சம், இரண்டு பக்கமும் சேர்த்தால் 40, 45. 1982இல் வந்த சிடியில் 74 நிமிடம் கொள்ளும். பழைய ஆல்பங்களை சிடியில் போட்டபோது அரை மணி நேரம் காலியாகக் கிடந்தது, சும்மா விடுவானேன் என்று பி-சைடு (ஒரு பாட்டுக்காகப் போடும் சின்ன ரெக்கார்டின் மறுபக்கப் பாட்டு), டெமோ எல்லாவற்றையும் பின்னால் ஒட்டினார்கள். ஜப்பான் கதை வேறு. அங்கே உள்நாட்டு சிடிக்கு விலை கட்டுப்பாடு உண்டு, கடைக்காரர் இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. அதனால் வெளிநாட்டிலிருந்து வரும் அதே சிடி மலிவாகிவிடும். உள்ளூர்ப் பதிப்பை வாங்க வைக்க ஒன்றிரண்டு பாட்டு அதிகம் சேர்த்தார்கள். அந்த ஊருக்கு அது நியாயம்தான், ஆனால் மற்ற நாட்டு ரசிகன் அந்த ஒரு பாட்டுக்காக இறக்குமதி விலை கொடுத்தான்.

ஒழுங்காகச் செய்தவர்களும் உண்டு. பீட்டில்ஸ் ஆல்பங்கள் 1987இல் சிடியாக வந்தபோது, ஆல்பத்தில் சேராமல் தனி ரெக்கார்டாக வந்த சிங்கிள் பாட்டுகள் நிறைய இருந்தன. ஒவ்வொரு ஆல்பத்தின் வாலிலும் இரண்டிரண்டாக ஒட்டியிருந்தால் கொழுத்த லாபம். அப்படிச் செய்யாமல் 1988இல் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' என்று தனியாக இரண்டு தொகுப்பு போட்டார்கள். விடுபட்டதெல்லாம் அங்கே, ஆல்பம் ஆல்பமாகவே இருக்கும். எத்தனையோ வருடம் முன்பே வழி காட்டியாகிவிட்டது.

இன்னொன்று, ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் ஒரு அமைதி வருமே, அந்த அமைதியும் ஆல்பத்தில் சேர்த்திதான். போனஸ் ஒட்டிய சிடியில் அது பாதி அடங்குவதற்குள் 'டேக் 3' என்று யாரோ கத்துவான், ஒரு கரகரப்பான டெமோ தொடங்கும். சாவு வீட்டில் கைபேசி அலறினது மாதிரி.

மூன்றாவது டிராக்:

அந்தக் கடைசிப் பத்திக்கு ஒரு கும்பிடு. ஊசிமுனை, ஒதுக்கிய சரக்கு என்றால் அதையே விளம்பரத்தில் முதல் வரியாக ஏன் போடுகிறார்கள்? பழைய அலமாரிக்கு ஒரு கேள்வி. 25 வருடம் கழித்து வரும் பெட்டியையும் எட்டு மாதத்தில் வரும் டீலக்ஸையும் ஒரே தட்டில் வைக்கலாமா? முன்னதில் எனக்குக் கோபமே வருவதில்லை.

பழைய அலமாரி:

வைக்கக் கூடாது. 25 வருடம் கழித்து யாரோ ஒருவர் பழைய டேப்பைத் தேடி எடுக்கிறார், சுத்தம் செய்கிறார், யார் எப்போது வாசித்தது என்று எழுதுகிறார், அது ஒரு உழைப்பு. எட்டு மாதத்தில் என்ன தேடினார்கள்? நீங்கள் முதல் நாள் பணம் கட்டியபோதே அந்தப் பாட்டுகள் மேஜை டிராயரில் இருந்திருக்கும்.

கீழ்த்தளம்:

டிராயரில் இருந்தது என்பது பாதி உண்மை. நான் ஒரு சின்னக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன், ஒரு சின்ன லேபிளுக்கு, அதாவது ரெக்கார்டு கம்பெனிக்கு, ஒரு ஆல்பம் செய்தோம், அவ்வளவுதான் என் அனுபவம். ஸ்டுடியோவில் 16 பாட்டு பதிவு செய்தோம், 10 போட்டோம். மீதி ஆறில் இரண்டுக்கு வரிகளே முடியவில்லை, வாய்க்கு வந்ததைப் பாடி வைத்திருந்தோம். ஒன்று நல்ல பாட்டு, ஆனால் ஆல்பத்தின் நடுவில் வைத்தால் வண்டி பிரேக் அடித்த மாதிரி நின்றுவிடும், அதனால் வெளியே. விற்பனை குறைய ஆரம்பித்ததும் லேபிளிலிருந்து அழைப்பு வரும்: மிச்சம் என்ன இருக்கிறது? முடியாது என்று சொல்லும் உரிமை ஒப்பந்தத்தில் எங்களுக்கு இல்லை. பதிவு அவர்கள் சொத்து.

பெரிய குழுக்களுக்கும் இதே கதிதான். ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழு தங்கள் பழைய கம்பெனியை விட்டு வெளியேறிய பிறகு, 2009இல் அந்தக் கம்பெனி அவர்களுடைய பழைய ஆல்பங்களைப் போனஸ் டிஸ்க்கோடு மறுபடி விற்றது, குழுவுக்கு அதில் கை இல்லை. அதே குழு தன் கையில் உரிமை இருந்தபோது வேறு மாதிரி நடந்துகொண்டது. 2007இல் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தின் பெட்டியோடு மட்டும் கொடுத்த இரண்டாவது டிஸ்க்கைப் பின்னால் தனியாக டவுன்லோடாக விற்றார்கள். பெட்டி வாங்காதவனும் அந்தப் பாட்டுகளை மட்டும் வாங்க முடிந்தது. மூன்றாவது டிராக் கேட்பது இதைத்தானே?

எட்டு மாதக் கணக்குக்குக் காரணம் விற்பனைத் தரவரிசைப் பட்டியல். அமெரிக்காவின் பில்போர்டு மாதிரியான பட்டியல்களில் டீலக்ஸ் பதிப்பின் கணக்கும் பழைய ஆல்பத்தின் பேரிலேயே ஏறும். இறங்கிக்கொண்டிருக்கும் ஆல்பத்தை நான்கு புதுப் பாட்டு மறுபடி மேலே தூக்கிவிடும். வேறு வேறு அட்டையில் ஒரே ரெக்கார்டை விற்பதும் இதே வியாபாரம்தான். 2022இல் டெய்லர் ஸ்விஃப்ட் ஆல்பம் ஒன்றின் நான்கு அட்டைகளையும் பின்பக்கமாக வைத்துச் சேர்த்தால் ஒரு கடிகாரம் வரும். ஒன்று வாங்கினால் கால் கடிகாரம்!

ஊசிமுனை:

கடிகாரம் விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. ஆனால் 25 வருடம், 50 வருடம் கழித்து வருவதெல்லாம் பக்தியில் செய்வது என்று நினைக்காதீர்கள். ஐரோப்பாவில் 2011இல் ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலத்தை 50 வருடத்திலிருந்து 70 ஆக்கினார்கள், ஆனால் 50 வருடத்துக்குள் வெளியிடாமல் வைத்திருந்தால் அந்த நீட்டிப்பு கிடையாது. உடனே 2012 கடைசியில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 1962 பதிவுகளை ஒரு தொகுப்பாகப் போட்டார்கள், ஏறக்குறைய 100 பிரதிதான். ரசிகன் கேட்பதற்கு இல்லை, சட்டத்துக்குக் காட்டுவதற்கு. அதன் துணைத் தலைப்பிலேயே காப்பிரைட் நீட்டிப்பு என்று எழுதினார்கள், அந்த நேர்மைக்காகவாவது பாராட்ட வேண்டும்.

ஈயம்:

நீங்கள் எல்லாரும் அதிகமாகச் சேர்த்ததற்குச் சண்டை போடுகிறீர்கள். இருந்ததையே மாற்றினால்? ராக் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் தனியாகப் போட்ட முதல் இரண்டு ஆல்பங்களும் 2002இல் மறுபடி வந்தபோது, அசலில் வாசித்தவர்களின் பேஸையும் டிரம்ஸையும் நீக்கிவிட்டு வேறு ஆட்களை வாசிக்க வைத்துச் சேர்த்திருந்தார்கள். ராயல்டி வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2011இல்தான் அசல் வாசிப்போடு திரும்ப வந்தது. நடுவில் கடையில் புதிதாக வாங்கியவன் தனக்குத் தெரிந்த பாட்டைத்தான் வாங்குகிறோம் என்று நினைத்திருப்பான்.

ஸ்ட்ரீமிங்கில் இது இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. நேற்று கேட்ட பதிப்பு இருந்த இடத்தில் இன்று 'ரீமாஸ்டர்' உட்கார்ந்திருக்கும், சத்தம் மட்டும் கூடியிருக்கும், மெதுவான இடமும் உரத்த இடமும் ஒரே மட்டத்தில் கத்தும். அதனால் மூன்றாவது டிராக், அந்த முதல் நாள் சிடியை மட்டும் விற்றுவிடாதீர்கள். ஏமாந்து வாங்கியது என்று நினைக்கிறீர்கள், பத்து வருடம் கழித்து அந்த ஆல்பம் முதலில் எப்படி ஒலித்தது என்பது உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

மூன்றாவது டிராக்:

விற்கிற எண்ணம் இல்லை. கீழ்த்தளம் சொன்னதைப் படித்த பிறகு குழுவின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவர்களுடைய இணையக் கடைக்கு எழுதினேன், புதுப் பாட்டுகளை மட்டும் தனியாக விற்கக் கூடாதா, பழைய ஆர்டர் எண்ணைக் காட்டினால் டவுன்லோடு கொடுக்கக் கூடாதா என்று. யார் எப்போது வாங்கினார்கள் என்ற பட்டியல் அவர்களிடமே இருக்கிறது, டீலக்ஸ் விளம்பரத்தை எனக்கு அனுப்ப மட்டும் அந்தப் பட்டியல் நன்றாகவே வேலை செய்தது. 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒரு பதில் வந்தது, கீழே அந்த டீலக்ஸை வாங்க ஒரு பொத்தான்.

ஊசிமுனை:

சரி, இது கொஞ்சம் ஓவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஸ்ட்ரீமிங்கில் வந்த அந்த இரண்டு பாட்டு எப்படி இருக்கிறது?

மூன்றாவது டிராக்:

ஒன்று சுமார். இன்னொன்று அந்த 11 பாட்டில் எதையும்விட நன்றாக இருக்கிறது. காலையிலிருந்து ஆறு தடவை கேட்டுவிட்டேன், எரிச்சலே அதுதான்.